மூன்று மணிக்கு அளக்காத குழாய்

பேயைத் தேடிப் போகிறவர்கள் செய்வதை அறிவியல் என்று சொல்லலாமா? கையில் கருவி இருக்கிறது, கருவியில் எண் வருகிறது, வந்த எண்ணைக் குறித்தும் வைக்கிறார்கள். அப்புறம் என்ன குறை? பள்ளிப்படிப்பை முடித்த கையோடு ஒருவர் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "அதெல்லாம் சும்மா" என்று சொல்லி நழுவிவிட்டேன். ஏன் சும்மா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். புள்ளிக்காரரின் கதை தெரியவந்தது அதற்குப் பிறகுதான். அதை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

புள்ளிக்காரர் என்பது சொந்தக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் புள்ளி வைத்துச் சொல்வார் என்பதால் வந்தது. பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பக்கம்தான் என்று சொல்லமாட்டார், பூஜ்யம் புள்ளி நான்கு கிலோமீட்டர் என்பார். இரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம் என்று சொன்ன டாக்டரிடம், உங்கள் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டு, மருந்துச் சீட்டு வாங்காமலே எழுந்து வந்தவர்.

அவர் வேலையும் அதுதான். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். தொழிற்சாலையின் அழுத்தமானி, மருத்துவமனையின் வெப்பமானி, கடைகளின் மின்சார மீட்டர் எல்லாம் அங்கே வரும். கூடத்தின் நம்பகமான கருவியைப் பக்கத்தில் வைத்து, ஐந்து அளவுகளில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் இருபத்து மூன்று டிகிரி என்பதால், அவர் பன்னிரண்டு மாதமும் ஸ்வெட்டர் போட்டபடி வேலை செய்வார். அளவை வைப்பவருக்கும் எண்ணைப் படிப்பவருக்கும் நடுவில் ஓர் அட்டை நிற்கும். என்ன வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கண் அதைத்தான் பார்க்கும் என்பது அங்கே இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம்.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த மச்சினன், பேய் தேடுகிறவன்.

மனைவியின் தம்பி. செல்போன் உறை விற்கும் கடை வைத்திருக்கிறான். மிச்ச நேரத்தில் ஒரு கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டு பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குள் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போடுவான். தங்கள் இருவருக்கும் 'மறுபக்க ஆய்வுக் குழு' என்று பெயரும் வைத்திருந்தான். ஆய்வு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் புள்ளிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தால் இருவரும் தட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "என் தம்பியைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது" என்று மனைவி குறைப்படுவார். ஆகாதுதான் என்று அவரும் ஒப்புக்கொள்வார்.

ஒருநாள் மச்சினன் கூடத்துக்கே வந்துவிட்டான். கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. காந்தப்புலத்தை அளப்பது. மின்சாரம் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் ஏறும். பேய் இருந்தாலும் ஏறும் என்பது அவன் கட்சி. எல்லாரையும் போல் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, சரிபார்க்கக் கொடுத்தான். வந்த கருவியைத் திருப்பி அனுப்பக் கூடத்தின் விதியில் இடமில்லை. புள்ளிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து அளவுகளில் ஒப்பிட்டார். எங்காவது பிசகியிருந்தால் சிவப்பை ஒட்டி அவன் முகத்தைப் பார்த்திருப்பார். பிசகவே இல்லை. ஸ்டிக்கரை எடுத்து, கன்னத்தில் அறைவதுபோல் அதன் முதுகில் ஒட்டினார்.

"மீட்டர் சரியா இருக்கு. உன் தலைதான் சரியில்ல."

"தலைக்கு ஸ்டிக்கர் கேட்கல மாமா. மீட்டருக்குத்தானே கேட்டேன்," என்று சொல்லிவிட்டு மச்சினன் சிரித்தபடி போனான்.

அந்தப் பச்சை ஸ்டிக்கர்தான் அக்காவின் வீட்டுக்குள் போனது.

புள்ளிக்காரருக்கு ஒரே அக்கா. கணவர் இறந்தபிறகு, ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்துக் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தார். பதினொரு குழந்தைகள். எல்லாரும் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள். காலையில் அழுதுகொண்டு வருவார்கள், சாயங்காலம் போகமாட்டேன் என்று அழுவார்கள். அக்காவோ, நோய் வந்தாலும் தம்பி வீட்டில் போய்ப் படுக்காத ரோஷக்காரி. தன் கையால் சம்பாதித்துத் தன் கதவைத் தானே பூட்டித் திறக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தக் காப்பகம் போய்விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது, தம்பி வீட்டு முன்னறையைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். மதியத் தூக்கம் முடிந்து கைகால் கழுவக் கூட்டிப்போனால், நடைக்கோடியில் இருக்கும் குழாயடியில் பிள்ளைகள் முரண்டு பிடிக்கிறார்கள். யாரோ கிள்ளுகிறார்கள் என்று ஒருத்தி அழுகிறாள். பக்கத்தில் நின்ற பையன்தான் கிள்ளியிருப்பான் என்று அவனைத் தனியாக நிற்கவைத்தேன், அப்போதும் அழுகை நிற்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு மேசையின் மறுமுனையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். புள்ளிக்காரரும்தான் இருந்தார்.

அந்த வாரமே மச்சினன் கேமராவோடு காப்பகத்துக்குப் போனான். அக்காவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கருவியைத் திருப்பிக் காட்டியபோது தம்பியின் கையெழுத்துப் போட்ட பச்சை ஸ்டிக்கர் தெரிந்தது. தம்பி பார்த்துக் கொடுத்த மீட்டர்தானே என்று உள்ளே விட்டார். நடைக்கோடி போகும்வரை எண் இரண்டு, மூன்று என்று இருந்தது. குழாய்ப் பக்கம் நீட்டியதும் முப்பத்தெட்டுக்குத் தாவியது. சுவரில் மணி மூன்று அடித்தது. பின்னால் ஒரு குழந்தை "அங்க கிள்ளுது" என்று அழுதது. படத்தில் எல்லாம் பதிந்துவிட்டது. அடுத்த இரண்டு நாட்களும் அதே நேரத்துக்குப் போய் அதே எண்ணை எடுத்தான். படத்துக்கு 'மூன்று மணி விரல்கள்' என்று தலைப்பு வைத்தான்.

படம் தீயாய்ப் பரவியது. திங்கட்கிழமை ஆறு குழந்தைகள் வரவில்லை. வீட்டுக்காரம்மா வந்து, என் வீட்டுக்குப் பேய்வீடு என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாயே, மாதக் கடைசிக்குள் காலிசெய் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிப் போனார்.

அக்கா தம்பியிடம் போனார். அழவில்லை. "உன் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான்டா உள்ள விட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

புள்ளிக்காரருக்கு இரத்தம் கொதித்தது. வீட்டில் பெரிய சண்டை. மனைவி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கடைசியில், எல்லார் முன்னிலையிலும் ஒரு சோதனை வைப்போம், உன் கருவியையே கொண்டு வா என்று மச்சினனுக்குச் சொல்லியனுப்பினார். சனிக்கிழமை காலை பதினொரு மணி. குழந்தைகள் வராத நாள். வீட்டுக்காரம்மாவும், பிள்ளைகளை நிறுத்திவிட்ட இரண்டு தாய்மாரும் வந்து நின்றார்கள்.

சோதனையைக் கூடத்தில் செய்வதுபோலவே செய்தார். தரையில் பன்னிரண்டு இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். கருவியின் முகத்தில் காகிதம் ஒட்டி, மச்சினன் எண்ணைப் பார்க்காமலே அதைப் பிடிக்க வேண்டும் என்றார். மச்சினன் கண்ணில் படாமல் ஒரு தாய் காகிதத்தைத் தூக்கி எண்ணைப் படிக்க, இன்னொருவர் எழுதினார். வரிசையை மாற்றி இரண்டு முறை. குழாயடியில் முதல் முறை இரண்டு புள்ளி ஆறு, இரண்டாவது முறை இரண்டு புள்ளி ஐந்து. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் கூடுதலாக இருந்தது, ஒன்பது.

"உன் பேய் ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கு போல. போய் ஐஸ் எடுத்துக் கொடு," என்றார் புள்ளிக்காரர். தாய்மார் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மாகூடச் சிரித்தார்.

மச்சினனின் முகம் சுண்டிப்போயிற்று. "மாமா, அது மூணு மணிக்குத்தான் வருது. மூணு நாளும் மூணு மணிக்குத்தான் எடுத்தேன். நீங்க வேலைநாள்ல மூணு மணிக்கு வாங்க."

"ஏன், உன் பேய்க்கு ஷிப்ட் போட்டிருக்காங்களா?"

"கிண்டல் பண்ணுங்க, பரவாயில்ல. ஒரே ஒரு தடவை வாங்க."

"உன் பின்னாடி சுத்தறதுக்கு வேற ஆளைப் பாரு."

அதோடு முடித்துவிட்டார். அன்றே கூடத்தின் தாளில் ஒரு பக்க அறிக்கை எழுதினார். இவ்விடத்தில் காந்தப்புல அளவு இயல்பாகவே உள்ளது. முன்பு காட்டப்பட்ட எண்கள் கருவியைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. கையெழுத்து, முத்திரை. அக்கா அதை நகலெடுத்துப் பெற்றோர் எல்லாருக்கும் கொடுத்தார். முத்திரை வேலை செய்தது. நான்கு குழந்தைகள் திரும்பி வந்தார்கள். வீட்டுக்காரம்மாவும் காலிசெய்யும் பேச்சை விட்டுவிட்டார். புள்ளிக்காரர் அந்த வாரம் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி சுமாருக்கு, நான்கு வயதுப் பையன் ஒருவன் குழாயைத் திறக்கப் போனான். ஈரத்தரை, வெறுங்கால். குழாயைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. அலறல் பாதியில் நின்று உடம்பு விறைத்தது. அக்கா ஓடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, இருவருமாய்ப் பின்னால் விழுந்தார்கள். பையன் பிழைத்தான், உள்ளங்கையில் தீக்காயத்தோடு. அக்காவின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அன்று மாலையே வீட்டுக்காரம்மா வந்து காப்பகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். பிள்ளைகளின் மாற்றுத்துணிகூட உள்ளேதான் இருந்தது.

மறுநாள் இரண்டரைக்கே புள்ளிக்காரர் அந்த வீட்டு வாசலில் நின்றார். கூடத்தின் நம்பகமான கருவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தார். வீட்டுக்காரம்மா முனகிக்கொண்டே பூட்டைத் திறந்தார். மச்சினனும் வந்திருந்தான், கேமராக்காரனோடு. அவனைப் போகச் சொல்லப் புள்ளிக்காரருக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாற்பதுக்குக் குழாயடியில் இரண்டு புள்ளி ஐந்து. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று.

அவர் குழாயைத் தொடாமல், கருவியைச் சுவரோடு மேலே மேலே கொண்டுபோனார். இரும்புக் குழாய் போன வழியெல்லாம் எண் கூடவே வந்தது. மாடிக்கு ஏறினார். அங்கே ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தார். வாரநாள் முழுக்கக் காலை ஷிப்ட். இரண்டே முக்காலுக்கு வீடு திரும்பி, வந்ததும் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரைப் போடுவார். சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குளிப்பார், அதனால் அவருக்கு ஒருநாளும் ஒன்றும் தெரிந்ததில்லை. ஹீட்டருக்குள் கம்பி விரிசல்விட்டு, மின்சாரம் இரும்புக் குழாய் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச் அந்தப் பழைய வீட்டில் கிடையாது. அக்கா எப்போதும் ரப்பர் செருப்போடு நிற்பவர், அவரையும் அது தொட்டதில்லை. ஈரக்காலோடு நின்ற குழந்தைகளைத்தான் தொட்டது. முதலில் கிள்ளியது, விரிசல் பெரிதானதும் பிடித்துக்கொண்டது.

நர்ஸை ஹீட்டரை அணைக்கச் சொன்னார். இரண்டு புள்ளி நான்கு. போடச் சொன்னார். நாற்பத்தொன்று. ஆறு முறை அணைத்து, ஆறு முறை போட்டு, பன்னிரண்டு எண்களையும் எழுதிக்கொண்டார். பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டார்.

மச்சினன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி மாமா, ஹீட்டர்தான். ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஹீட்டரை விரிசல் விட வச்சது யாரு?"

புள்ளிக்காரர் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒண்ணு கேட்கிறேன். என்ன நம்பர் வந்தா பேய் இல்லன்னு ஒத்துக்குவ?"

மச்சினன் கேமராக்காரனைத் திரும்பிப் பார்த்தான். கேமராக்காரன் கேமராவைத் தாழ்த்தினான். நாற்பது வந்தால் பேய் வந்திருக்கிறது, இரண்டு வந்தால் பேய் போயிருக்கிறது. எது வந்தாலும் மச்சினன் ஜெயித்தான். மூன்று நாள் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரே ஒருமுறை மாடிப்படி ஏறிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. காரணம் முன்பே கையில் இருக்கும்போது யார் படி ஏறுவார்கள்?

இந்த இடத்தில் புள்ளிக்காரர் ஜெயித்துவிட்டார் என்று நினைக்கலாம். ஆஸ்பத்திரியில் அக்கா அப்படி நினைக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி சொல்வதை முழுக்கக் கேட்டார். ஹீட்டர், குழாய், கசிவு எல்லாம் கேட்டார்.

"அவன் நம்பரைப் பார்த்தான், பேய்னான். நீ நம்பரே பொய்ன்னுட்ட. உங்க ரெண்டு பேர்ல எவன்டா படிச்சவன்?"

"அக்கா, நான் முறைப்படிதான் அளந்தேன்."

"காலையில அளந்த. மூணு மணிக்கு அளந்தியா? அவன் கூப்பிட்டானே."

புள்ளிக்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அந்தக் கருவி சரியானது என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது அவர் கை. அந்தக் கருவி காட்டிய எண் தப்பு என்று அறிக்கை எழுதியதும் அதே கை. வேறு யார் கொண்டுவந்திருந்தாலும், மூன்று நாள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே எண் வருகிறதென்றால் ஓடிப்போய்ப் பார்த்திருப்பார். கிள்ளுது என்று ஒரு குழந்தை சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் கேட்டார், படத்தில் இரண்டாவது முறையும் கேட்டார். மின்சார மீட்டரோடு இருபத்தாறு வருடம் குப்பைகொட்டியவருக்கு அந்த ஒரு சொல் போதும். மச்சினன் வாய்வழியாக வந்ததால் அது காதில் ஏறவில்லை. கூடத்தில் நடுவில் நிற்கும் அட்டை எண்ணை மறைக்கும், எண்ணைக் கொண்டுவரும் ஆளை மறைக்காது.

அன்றே இரண்டாவது அறிக்கை எழுதினார். முதல் அறிக்கை தவறு. முன்பு காட்டப்பட்ட எண்கள் சரியானவை. மூன்று மணிக்கு அளக்கவில்லை. அளக்க அழைத்தார்கள், நான் மறுத்தேன். கூடத்தின் மேலாளர் அதில் முத்திரை போட மறுத்துவிட்டார், கூடத்தின் பெயர் கெடும் என்று. வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொண்டுபோனார்.

"என்கிட்ட ஏன் நீட்டற? வீடு வீடா போ. நின்னு படிச்சுக் காட்டு," என்றார் அக்கா.

பதினொரு வீட்டுக்கும் போனார். நான்கு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் தாளை வாங்கி அவர் கண்முன்னே கசக்கினார். ஒரு தகப்பன், பேய் இல்லையென்று நீங்கள் எழுதினதை நம்பித்தான் பிள்ளையைத் திரும்ப அனுப்பினோம், இப்போது இன்னொரு தாளோடு வந்து நிற்கிறீர்களே, எதை நம்புவது என்று கேட்டார். பத்தாவதாக, கை வெந்த பையனின் வீடு. அவன் தாய் வாசலிலேயே நிற்கவைத்து, தாளை முழுதாகப் படித்தார்.

"மூணு மணிக்கு வாங்கன்னு அந்த ஆள் கெஞ்சினாராமே. நீங்க ஏன் போகல?"

சொல்லச் சாக்குகள் இருந்தன. புள்ளிக்காரர் ஒன்றையும் எடுக்கவில்லை.

"அவனை எனக்குப் பிடிக்காதும்மா. அதான் போகல."

அந்தத் தாய் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

காப்பகம் திரும்பத் திறக்கவில்லை. வீட்டுக்காரம்மா அந்த இடத்தை ஓர் அச்சகத்துக்கு விட்டுவிட்டார். அக்கா தம்பி வீட்டு முன்னறையில் இருக்கிறார். அந்தக் கை இன்னும் முழுதாய் மடங்காது. சாப்பாடு போட்டுக்கொடுத்தால் தம்பியின் மனைவி கையால் வாங்கிக்கொள்வார், தம்பி கையால் வாங்கமாட்டார். மச்சினன் இன்னும் படம் போட்டுக்கொண்டிருக்கிறான், ஆட்களும் பார்க்கிறார்கள். புள்ளிக்காரர் வேலைக்குப் போகிறார், வருகிறார். அவரும் மச்சினனும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. நல்ல முடிவாய் ஒன்றைக் கட்டிச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நடக்காததைச் சொல்ல முடியாது.

இப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்வேன். அறிவியல் இல்லை. என்ன வந்தால் நான் சொன்னது தப்பு என்று முன்கூட்டியே சொல்ல முடியாதவன் கையில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அது அறிவியல் ஆகாது. இதை மச்சினனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவனைப் பார்த்துச் சிரிப்பதும் அறிவியல் ஆகாது. இது புள்ளிக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

படித்தவர்கள் தயவுசெய்து இதை இன்னும் இரண்டு பேரிடம் சொல்லுங்கள். பேய் உண்டு என்று அடித்துப் பேசும் ஒருவரிடம் சொல்லுங்கள், அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. பேயே கிடையாது என்று அடித்துப் பேசும் ஒருவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.